ஐந்தின் மேல் நான்கு

சாந்து உதிர்ந்த பிறகுதான் தெரிந்தது,
தூண்கள் வெள்ளை இல்லை.
போர்ட் லூயியின் பழைய ஒப்பரா மாளிகையில்
இத்தனை காலம் எல்லோரும் பார்த்தது
சட்டையை மட்டும்.
உள்ளே எரிமலை கக்கிய நீலக்கருங்கல்.
கரும்புக்கு வழிவிட்டு
வயல் நடுவே குவித்து வைத்திருக்கிறார்களே,
அதே கல்.

நான் விரிசல் அளக்க வந்தவள்.
பூட்டின் சாவி நகரசபையில்,
சாவிக்கான கையெழுத்து வேறொரு மாடியில்.
மூன்றாம் வாரம் கதவு திறந்தது.
புறா எச்சத்தின் மேல் நடந்து போனேன்.

குதிரைலாடமாய் வளைந்த மூன்றடுக்கு மாடங்கள்.
விதானத்தில் தீட்டிய ஒன்பது பெண்களில்
ஒருத்திக்கு முகம் இல்லை, ஈரம் தின்றுவிட்டது.
யாழ் மட்டும் பத்திரமாய் இருக்கிறது.
மேடைக்கு மேலே அண்ணாந்தால் கப்பல்:
கப்பிகள், வடங்கள், பாய்மர முடிச்சுகள்.
கரையேறிய மாலுமிகள்தான் திரை இழுத்தார்களாம்.
சீட்டியடித்தால் ஏதாவது இறங்கிவிடும்,
எனவே இங்கே யாரும் சீட்டியடிக்கக் கூடாது.
அடித்துப் பார்த்தேன்.
ஒரு புறா எழுந்து அமர்ந்தது.

சாரத்தில் ஏறி மூன்றாம் தூணின் முதுகுப்பக்கம் போனேன்.
சுவரைப் பார்த்த முகத்தில், கல்லுக்கு ஒன்றாய்,
கட்டைவிரல் அளவில் உளியெழுத்து.
கீழிருந்து மேலே:
க, உ, ங, ரு, ச, சு, எ.
சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழை வைத்து
எழுத்துக் கூட்டினேன்.
கஉங. ருச. சுஎ.
எந்த வீட்டில் பேசும் பாஷை இது?
"கீறல்" என்றான் கீழேயிருந்து ஃபாப்ரிஸ்.
"கீறல் என்றே எழுதிவிடு."

இரவில், பாத்திரம் கழுவும்போது,
குழாயை மூட மறந்து நின்றேன்.
பஞ்சாங்கத்தின் மேல்மூலையில் தேதிக்கு இருக்குமே,
யாரும் படிக்காத அந்த எண்கள்.
ஒன்று, இரண்டு, மூன்று,
ஐந்து,
நான்கு,
ஆறு, ஏழு.

மறுநாள் அளந்தேன்.
மேலே போகப் போக ஒடுங்க வேண்டிய தூண்
நடுவில் ஒரு விரற்கடை பிதுங்குகிறது.
இடம் மாறிய இரண்டு கல்.
கிரேக்க ஒழுங்கு என்று ஏடுகள் சொல்லும் முகப்பில்
ஓர் அவசர மாலையின் தவறு.
மேலே பூசிய பவளச் சுண்ணாம்பு
எல்லாவற்றையும் சமமாக்கிவிட்டது.

ஆவணக் கட்டில் கூலிப் பட்டியல் கிடைத்தது.
பதினொரு கல்தச்சர்கள்,
குமாஸ்தாவின் காதுக்கு எட்டிய மட்டும்.
'தனெகாஷெலோம்' என்று ஒருவன்.
வாய்விட்டுச் சொன்னேன். இன்னொரு முறை.
மூன்றாம் முறை அவன் தணிகாசலம் ஆனான்.
(என் கடவுச்சீட்டிலும் 'சினப்பென்' என்றுதான் இருக்கிறது.)
அவன் பெயருக்கு நேரே
அரைநாள் கூலி பிடித்தம்.
காரணம் எழுதவில்லை.

திறப்பு இரவைக் கற்பனை செய்ய முயன்றேன்.
பட்டு, விசிறி, மெழுகுத்திரி வாசனை.
எவ்வளவு முயன்றும் உள்ளே போக முடியவில்லை.
பல்லக்கை இறக்கிவிட்டுப்
படியில் குந்தியிருந்தவர்கள் பக்கமே
மனம் போய் உட்கார்ந்தது.
சுவருக்கு இந்தப் பக்கம் வந்து சேர
பாட்டில் மிச்சம் என்ன இருந்திருக்கும்?
கைதட்டல் கேட்டிருக்கும், அவ்வளவுதான்.

"பிரித்து அடுக்கி, சரிசெய்து தரலாமா?"
ஒப்பந்தக்காரரின் கடிதம் வந்தது,
விலைப்புள்ளியோடு.
அறிக்கையில் எழுதினேன்:
குறிகள் — தமிழ் எண்கள்.
பிழை — ஒன்று.
ஆபத்து — இல்லை.
நடவடிக்கை — வேண்டாம்.

மதியம் வாசற்படியில் காகிதம் பிரித்து
டோல்பூரி தின்றேன். காரம் அதிகம்.
வெயில் சாயச் சாய
சாந்து இழந்த தூணின் நிழல் தெருவில் இறங்கியது,
நடுவே ஒரு சின்ன மேட்டுடன்.
டாக்ஸிக்காரர் ஒருவர் வந்து
சரியாக அதன் மேல் வண்டியை நிறுத்தினார்,
இருக்கையைப் பின்னால் சாய்த்து
வானொலியைத் திருகினார்.